ஆட்சி விழுந்த பிறகு தேர்தல் வரும் வரை நாற்காலியில் யார்?

தேயிலைத்தூள் (கோத்தகிரி):

நம் பக்கத்தில் சிலோன் அரசியல் பேசாத டீக்கடை கிடையாது. ஆனால் பேச்சு எப்போதும் 2022 ஜூலை 9-இல் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் போராட்டக்காரர்கள் குதித்ததோடு நின்றுவிடும். அப்புறம் நேராக 2024 செப்டம்பர், அநுர குமார திசாநாயக்க ஜெயித்தார், கதை முடிந்தது. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியதே, அதை யாரும் தொடுவதில்லை. எனக்கென்னவோ விஷயமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று படுகிறது.

2022 ஜூலை 13 அப்போதைய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சே மாலத்தீவுக்கு ஓடினார், மறுநாள் சிங்கப்பூர் போய் அங்கிருந்து ராஜினாமா. 20-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு, ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134 ஓட்டு. அந்த ரணில் யார் என்று பாருங்கள்: 2020 தேர்தலில் அவர் கட்சி ஒரு மாவட்டத்தில்கூட இடம் பிடிக்காமல், மொத்த ஓட்டு விகிதத்தில் கட்சிகளுக்குத் தரும் தேசியப் பட்டியலில் கிடைத்த ஒரே ஒரு இடத்தை வைத்துக்கொண்டு சபைக்குள் வந்தவர். அவரைத் தூக்கி உட்கார வைத்தது பெரும்பாலும் ராஜபக்சேக்களின் பொதுஜன பெரமுன. 22-ஆம் தேதி விடிவதற்கு முன்பே கொழும்பு காலிமுகத்திடலில் படை புகுந்து போராட்டக் கூடாரங்களைப் பிய்த்து எறிந்தது. அடுத்த வருடம் மார்ச் 9-க்கு வைத்திருந்த உள்ளாட்சித் தேர்தலைக் கையில் காசில்லை என்று நிறுத்தினார்கள். மக்கள் விரட்டியது ஒரு ஆளை. அந்த ஆளுக்கு 2020-இல் 20-ஆவது திருத்தத்தை நிறைவேற்றி அதிகாரத்தை அள்ளிக் கொடுத்த அதே நாடாளுமன்றம் 2024 செப்டம்பர் 24 வரை அப்படியே இருந்தது.

எகிப்தின் முபாரக், இந்தோனேசியாவின் சுகார்த்தோ, இப்போது கோத்தபய, எல்லாம் ஒரே வரிசைதான். ஆள் விழுந்த நாளுக்கும் ஓட்டுப் போடும் நாளுக்கும் நடுவில் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் மிச்சத்தைத் தீர்மானிக்கிறார் என்பது என் வாதம். விழுந்தவுடன் சட்டுபுட்டென்று தேர்தல் வைப்பது நல்லதா, கொஞ்சம் ஆறப்போட்டு வைப்பது நல்லதா? வாத்தியார் ஐயா இருந்தால் சொல்லுங்கள்.

குன்னூர் ரயில்:

ஒரு சின்ன ஆட்சேபம். கோத்தபய 2019-இல் 52.25 சதவீதம் வாங்கி முறையாக ஜெயித்தவர். முபாரக், சுகார்த்தோ வரிசையில் அவரைச் சேர்ப்பது கொஞ்சம் இழுத்துக் கட்டுவது மாதிரி இருக்கிறது.

தேயிலைத்தூள் (கோத்தகிரி):

ஜெயித்து வந்தவர்தான், மறுக்கவில்லை. வந்த பிறகு செய்ததைப் பாருங்கள். ஒரே இரவில் ரசாயன உரத்துக்குத் தடை போட்டபோது கேள்வி கேட்க ஒரு ஆள் மிச்சமில்லை, அமைச்சரவையிலும் சொந்தக்காரர்கள். இலங்கைத் தேயிலை உற்பத்தி 2021-இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோ, 2022-இல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. நாமும் செடிக்கு உரம் போடுகிறவர்கள்தான், ஒரு வருடம் போடாமல் விட்டால் கொழுந்து என்ன ஆகும் என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. யாரும் தடுக்க முடியாத ஆள் என்ற அர்த்தத்தில்தான் சேர்த்தேன்.

பழைய வாத்தியார் (உதகை):

தம்பி கேட்டதற்கு ஒரே பதில் கிடையாது, இரண்டு பக்கமும் கெட்ட உதாரணம் இருக்கிறது. அவசரப்பட்டதற்கு ருமேனியா. 1989 டிசம்பர் 22 சர்வாதிகாரி சௌசெஸ்கு தப்பி ஓடினார், 25-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். பொறுப்பேற்ற தேசிய மீட்பு முன்னணி, நாங்கள் இடைக்காலத்துக்கு மட்டும்தான் என்றது. ஒரு மாதம் போனதும் நாங்களும் போட்டியிடுகிறோம் என்றது. 1990 மே 20-இல் தேர்தல், முன்னணியின் தலைவர் இலியெஸ்குவுக்கு 85 சதவீதம். அவர் பழைய கம்யூனிஸ்ட் கட்சியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். வானொலி, தொலைக்காட்சி, மாவட்ட அலுவலகம் எல்லாம் அவர்கள் கையில், எதிர்க்கட்சிகளோ அப்போதுதான் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தன. ஜூனில் எதிர்ப்பாளர்களை அடிக்கச் சுரங்கத் தொழிலாளிகளை ரயிலில் புக்கரெஸ்ட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

எகிப்து இன்னும் பாடமானது. 2011 பிப்ரவரி 11 முபாரக் போனார், அதிகாரம் நேராக ராணுவத் தளபதிகள் குழுவிடம். வரிசையாகத் தேர்தல் நடந்தது, நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது: மார்ச் 19-இல் பொதுவாக்கெடுப்பு, நவம்பரிலிருந்து ஜனவரி வரை நாடாளுமன்றத் தேர்தல், 2012 மே-ஜூனில் ஜனாதிபதித் தேர்தல். ஆனால் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு இரண்டு நாள் முன்னால் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த நாடாளுமன்றத் தேர்தல் செல்லாது என்றது, சபை கலைந்தது. வாக்குப்பதிவு முடிந்த ராத்திரியே தளபதிகள் புதிதாக ஒரு அறிவிப்பை வெளியிட்டு, ஜெயிக்கப் போகிறவரின் அதிகாரத்தை முன்கூட்டியே வெட்டிக்கொண்டார்கள். மோர்சி 51.7 சதவீதத்தில் ஜெயித்தார். அடுத்த வருடம் ஜூலை 3, அதே ராணுவம் அவரைத் தூக்கி உள்ளே வைத்தது. மோர்சியும் சும்மா இருந்தவரில்லை, தன் ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது என்று 2012 நவம்பரில் அறிவித்தவர்தான். சாவி விஷயத்தில் தம்பி சொல்வதற்கு எகிப்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

துனிசியா வேறு வழியில் போனது. பென் அலி 2011 ஜனவரி 14 ஓடினார். தேர்தலை உள்துறை அமைச்சகம் நடத்தாது என்று முடிவு செய்து தனி ஆணையம் வைத்தார்கள். ஜூலை 24 என்று தேதி குறித்து, வாக்காளர் பதிவு முடியாது என்று தெரிந்ததும் அக்டோபர் 23-க்குத் தள்ளினார்கள். வேட்பாளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும் என்று விதி போட்டார்கள். என்னஹ்தா கட்சி 217-இல் 89 இடம் எடுத்தது, தனியாக ஆள முடியாத எண்ணிக்கை, அதனால் மற்றவர்களோடு பேசித்தான் 2014 ஜனவரியில் சாசனம் வந்தது. ஆறப்போட்டதற்கு நல்ல உதாரணம்.

ஹட்டிப் பொண்ணு:

வாத்தியார், துனிசியாவை நல்ல உதாரணத்தோடு நிறுத்திவிட்டீர்களே! 2021 ஜூலை 25-இல் ஜனாதிபதி கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கியதைச் சொல்லவில்லையே. எல்லா விதியையும் ஒழுங்காக எழுதிய நாட்டில், முறையாக ஜெயித்து வந்தவரே கவிழ்த்தார். ஜனங்கள் அன்று ராத்திரி தெருவில் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். பத்து வருடத்தில் வேலையும் வரவில்லை, விலைவாசியும் இறங்கவில்லை, சபையில் தினம் சண்டை. இடைக்காலத்தை யார் நடத்தினார்கள் என்பது மட்டும்தான் விஷயம் என்றால் துனிசியா இந்நேரம் சுகமாக இருக்க வேண்டும்.

அப்புறம் சாவியைப் பழைய ஆளே வைத்திருந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தோனேசியாவைப் பாருங்கள். 32 வருடம் ஆண்ட சுகார்த்தோ 1998 மே 21 இறங்கினார், நாற்காலி அவருடைய துணை ஜனாதிபதி ஹபிபிக்குப் போனது. சுகார்த்தோ வளர்த்த ஆள். அவர்தான் பத்திரிகைகளை அவிழ்த்துவிட்டார், அரசியல் கைதிகளை விடுதலை செய்தார், கட்சி தொடங்கத் தடையில்லை என்றார். 1999 ஜூன் 7 தேர்தலில் 48 கட்சிகள் நின்றன.

பழைய வாத்தியார் (உதகை):

ஹபிபி நல்ல இடத்தில் வந்தார் அம்மா. ரணிலையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் தேர்தலில் ஜெயிக்காமல், விழுந்தவரின் மிச்சக் காலத்துக்கு உட்கார்ந்தவர்கள். சுகார்த்தோவின் ஏழாவது பதவிக்காலம் 1998 மார்ச்சில்தான் ஆரம்பித்தது, கணக்குப்படி 2003 வரை ஹபிபி உட்கார்ந்திருக்கலாம். அவர் 1998 நவம்பரில் மக்கள் ஆலோசனைச் சபையைக் கூட்டி, தேர்தலை முன்னால் இழுக்க முடிவு வாங்கினார். தேர்தலில் அவருடைய கோல்கர் கட்சி 22 சதவீதத்தோடு இரண்டாவது இடம். அக்டோபரில் சபை அவருடைய பொறுப்பறிக்கையை நிராகரித்ததும் போட்டியிலிருந்தே விலகிவிட்டார்.

ரணில் என்ன செய்தார்? ஜனாதிபதி தேர்தலை முன்னால் கொண்டுவர அவருக்குச் சட்டத்தில் எளிய வழி இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நாடாளுமன்றத்தைக் கலைக்க வழி இருந்தது. 2020 ஆகஸ்டில் கூடிய சபை, இரண்டரை வருடம் கழிந்தால் கலைக்கலாம், அதாவது 2023 பிப்ரவரி முதல். கலைக்கவில்லை. கலைத்தால் தன்னைத் தாங்கும் 134 பேர் போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா?

ஹட்டன் மச்சான்:

கோத்தகிரி மச்சான் இந்த இழையை அனுப்பினார், இலங்கை ஹட்டனிலிருந்தே எழுதுகிறேன்.

வாத்தியார் ஐயா சொல்வது சரிதான், ஆனால் அந்த நேரம் இங்கே இருந்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் எங்களுக்குத் தேர்தல் ஞாபகமே இல்லை. காஸ் சிலிண்டர் இல்லை, பெட்ரோலுக்கு கியூஆர் அட்டை, செப்டம்பரில் விலைவாசி முந்தின வருடத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் கூடியிருந்தது. தோட்டத்தில் கோதுமை மா விலை ஏறினால் ரொட்டி சின்னதாகும், எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் வந்தது, வரிசைகள் குறைந்தன. அந்த மனுசன் வந்தபிறகு லைட் வந்தது என்று சொன்னவர்கள் எங்கள் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகள்) இருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களும் 2024-இல் அவருக்குப் போடவில்லை, அது வேறு விசயம். அவருக்குக் கிடைத்தது 17 வீதம்.

உள்ளூராட்சித் தேர்தல் நின்றதுதான் எங்களுக்கு வலித்தது. வேட்பாளர் மனு எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அரசாங்க ஊழியர்கள் வேட்பாளராக நிற்பதற்காக லீவு போட்டவர்கள் திரும்ப வேலைக்கும் போக முடியாமல், தேர்தலும் இல்லாமல் அந்தரத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டு அச்சடிக்கப் பணம் தர மாட்டோம் என்று திறைசேரி, அதாவது அரசாங்கக் கஜானா, சொன்னது. அப்படி நிறுத்தியது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் (உங்கள் உச்ச நீதிமன்றம் மாதிரி) தீர்ப்புச் சொன்னது 2024 ஆகஸ்டில். தீர்ப்பு வந்து அடுத்த மாதம் அவரே தோற்றுப் போனார்.

கொளப்பள்ளி:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் தேர்தல் எப்போது என்று கேட்கிறீர்கள், யாருக்கு ஓட்டு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பந்தலூர், சேரம்பாடி பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் லைன் வீட்டில் பிறந்தவனுக்கு அதுதான் முதல் கேள்வி.

சிலோனில் 1931-லேயே வயது வந்தவர்க்கெல்லாம் ஓட்டு வந்தாகிவிட்டது. 1947 தேர்தலில் அங்கே தோட்டத்தில் இருந்த நம் இந்திய வம்சாவளி ஆட்கள் போட்ட ஓட்டில் தொண்டமான் நுவரெலியாவில் ஜெயித்தார். அடுத்த வருடமே அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம். அதை எந்த ராணுவமும் கொண்டுவரவில்லை, எந்தச் சர்வாதிகாரியும் கொண்டுவரவில்லை. தேர்தலில் ஜெயித்த ஆட்கள், ஒழுங்கான நாடாளுமன்றத்தில் கை தூக்கிக் கொண்டுவந்தார்கள். 1949-இல் வாக்காளர் சட்டத்தையும் திருத்தினார்கள். 1952 தேர்தலுக்குத் தோட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் பட்டியலில் இல்லை. அப்புறம் 1964-இல் சிலோன் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். அந்த மிச்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் அப்பா தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம் வந்து மண்டபம் முகாமில் இருந்து இங்கே வந்தவர். பழைய தகரப் பெட்டியில் அந்தக் குடும்ப கார்டு இன்னும் இருக்கிறது, போட்டோவில் அத்தை கைக்குழந்தை. அங்கே தங்கியவர்களுக்கு குடியுரிமைக் கணக்கு முழுசாகத் தீர்ந்தது 2003 சட்டத்தோடுதான்.

அதனால் ஒரு கொடுங்கோலன் போனான், தேர்தல் வந்தது என்று யாராவது கை தட்டினால் நான் முதலில் வாக்காளர் பட்டியலைக் கேட்பேன். துனிசியா தேர்தலைத் தள்ளிப்போட்டதாக வாத்தியார் சொன்னாரே, பட்டியலைச் சரி செய்யத்தான் என்றால் அது ஒன்றுதான் இந்த இழையில் எனக்கு நியாயமாகப் பட்ட தாமதம்.

தேயிலைத்தூள் (கோத்தகிரி):

கொளப்பள்ளி அண்ணே, இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டிலும் அதே கார்டு உண்டு.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மலையகத்துக்கு ஓட்டு திரும்பி வந்ததும் அது சும்மா இருக்கவில்லை, எல்லாக் கட்சியும் வாசலில் வந்து நின்றது. 2024 மே தினத்தில் கொட்டகலைக்கு ரணில் வந்து தோட்டத் தொழிலாளிக்கு 1,700 ரூபாய் நாள் சம்பளம் என்றார். அது நின்றதா?

ஹட்டன் மச்சான்:

எங்கே நின்றது! கம்பனிகள் நீதிமன்றம் போய், இழுபட்டு, ஜனாதிபதி தேர்தலுக்கு முன்னால் 1,350-இல் முடிந்தது.

வாக்களித்த கதையும் சொல்கிறேன். செப்டம்பர் 21, தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. 38 பேர் போட்டி, சீட்டு ஒரு முழத்துக்கும் மேலே நீளம், மடித்துப் பெட்டிக்குள் போடுவதே ஒரு வேலை. புள்ளடி (பெருக்கல் குறி) ஒன்று போட்டாலும் போதும், 1, 2, 3 என்று விருப்பு வாக்கும் போடலாம். யாரும் 50 வீதம் தாண்டாவிட்டால் அந்த 2-ஐயும் 3-ஐயும் எண்ணுவார்கள். 1982 முதல் அப்படி எண்ண வேண்டி வந்ததே இல்லை, இந்த முறைதான் வந்தது. அநுரவுக்கு 42.31 வீதம், எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவுக்கு 32.76, இரண்டாம் எண்ணிக்கைக்குப் போய்த்தான் முடிவு. நுவரெலியா மாவட்டத்தில் சஜித்துக்குத்தான் அதிகம் விழுந்தது. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டம் திசைகாட்டிக்கு (அநுர கட்சியின் சின்னம்) மாறியது, நாடு முழுக்க 225-இல் 159. 2020-இல் மூன்றே இடம் வைத்திருந்த கட்சி. செப்டம்பரில் சுண்டுவிரலில் வைத்த மை நவம்பரில் சிலருக்குப் போகவில்லை என்று அந்த முறை ஆள்காட்டி விரலில் வைத்தார்கள். எனக்கு இரண்டு விரலும் கறுப்பு.

குன்னூர் ரயில்:

மை என்றதும் ஒரு துண்டுச் செய்தி. நம் ஊர் மை கூடலூர் இறங்கிப் போனால் வரும் மைசூரில் தயாராகிறது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து மைசூர் பெயிண்ட்ஸ்தான் கொடுக்கிறது, வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள், நேபாளம், கம்போடியா எல்லாம் வாங்கியிருக்கின்றன. சரி, நீங்கள் விட்ட இடத்தில் தொடருங்கள்.

ஹட்டிப் பொண்ணு:

எல்லோரும் கடல் தாண்டியே போகிறீர்கள். 1977-ஐ ஏன் யாரும் எடுக்கவில்லை? நெருக்கடி நிலை 21 மாதம். ஜனவரி 18-ஆம் தேதி இந்திரா காந்தியே தேர்தல் அறிவித்தார். சாவி முழுசாக அவர் கையில், போலீஸ் அவர் கையில், வானொலி அவர் கையில். மார்ச் 16 முதல் 20 வரை வாக்குப்பதிவு, ரேபரேலியில் அவரே தோற்றார், காங்கிரஸ் 154-க்கு இறங்கியது. நெருக்கடி நிலையை முறையாக விலக்கியது 21-ஆம் தேதி, அதாவது ஓட்டுப் போட்டு முடித்த பிறகு. தேயிலைத்தூள் அண்ணா விதிப்படி இது நடந்தே இருக்கக்கூடாது.

நம் வீடுகளில் யாரும் சொல்லாத இன்னொரு பாதியும் இருக்கிறது. அந்தத் தேர்தலில் தெற்கு பெரும்பாலும் காங்கிரஸ் பக்கமே போட்டது. ஆந்திராவில் 42-க்கு 41 காங்கிரஸ். கேரளத்தில் இருபதும் காங்கிரஸ் கூட்டணி. தமிழ்நாட்டில் 39-இல் பெரும்பாலானவை எம்.ஜி.ஆர்.-காங்கிரஸ் கூட்டணிக்கு. 1976 ஜனவரி 31-இல் ஆட்சியைக் கலைத்து, மிசாவில் ஆட்களைப் பிடித்துப் போட்டு, சென்னை மத்திய சிறையில் அடிபட்ட சிட்டிபாபு செத்துப்போன மாநிலம் இது. இங்கேயே அப்படித்தான் ஓட்டு விழுந்தது. எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) பெரியவர்களைக் கேட்டால் அந்தக் காலத்தில் பஸ் நேரத்துக்கு வந்தது என்பார்கள். வடக்கே வலுக்கட்டாயமாகக் குடும்பக் கட்டுப்பாடு செய்த ஊர்களில்தான் கோபம் அத்தனை மூர்க்கமாக இருந்தது. அடி விழுந்தவனும் அடி விழாதவனும் ஒரே தேர்தலில் ஓட்டுப் போட்டால் இப்படித்தான் வரும்.

நான் சொல்ல வருவது, தோற்றவர் ஏன் இறங்கினார் என்பது. திரும்பி வர முடியும் என்று தெரிந்ததால். 1980 ஜனவரியில் 353 இடத்தோடு வந்தார். அதைத் தோல்வி என்று 1977-இல் ஜெயித்த ஜனதாக்காரர்கள் வேண்டுமானால் அழட்டும். அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு விழுவதற்கு முன்னால் ஒரே ஒரு உருப்படியான காரியம் செய்தார்கள், 1978-இல் 44-ஆவது திருத்தம். உள்நாட்டுக் குழப்பம் என்று சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருந்தால்தான் முடியும். அமைச்சரவை எழுத்தில் கொடுத்தால்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட முடியும். உயிர் வாழும் உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்த முடியாது. திரும்பி வந்த இந்திரா அதில் கை வைக்கவில்லை.

பழைய வாத்தியார் (உதகை):

நான் அப்போது கல்லூரி மாணவன், உதகையில் சுவரொட்டி ஒட்டக்கூடப் பயம் இருந்தது, பஸ் நேரத்துக்கு வந்ததும் உண்மை. ஹட்டிப் பொண்ணு சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும் வைப்பேன். சாவி இந்திராவிடம் இருந்தது, ஆனால் தேர்தலை நடத்திய எந்திரம் அதற்கு முன்பே ஐந்து பொதுத் தேர்தல் நடத்திப் பழகியது. தாசில்தார் முதல் வாக்குச்சாவடி வாத்தியார் வரை வேலை தெரிந்தவர்கள், எண்ணும்போது எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் பக்கத்தில் நிற்பான். லிபியாவில் அப்படி ஒன்றும் கிடையாது, கடாஃபி காலத்தில் கட்சியே குற்றம். 2012 ஜூலை 7-இல் அமைதியாகத்தான் ஓட்டுப் போட்டார்கள், பெட்டிக்குப் பின்னால் அரசாங்கம் என்று ஒன்று இல்லை, அவ்வளவுதான்.

குன்னூர் ரயில்:

ஆனால் திரும்பி வர விடுவதற்கும் ஒரு எல்லை வேண்டாமா? பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரி 25 மார்கோஸ் குடும்பத்தையே நாட்டை விட்டு ஓட்டினார்கள், 2022-இல் மகன் ஜனாதிபதி. சிலியில் பினோசே 1988 அக்டோபர் வாக்கெடுப்பில் தோற்றுப் பதவியை ஒப்படைத்துவிட்டு, 1998 மார்ச் வரை ராணுவத் தலைவராகவே உட்கார்ந்திருந்தார். புதிய ஜனாதிபதி ஆல்வின் அவரை முறைத்துப் பார்க்கலாம், நீக்க முடியாது. கோத்தபயவும் ஓடி இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, செப்டம்பர் 2 ராத்திரி கொழும்பில் வந்து இறங்கினார், அமைச்சர்கள் மாலையோடு நின்றார்கள். ஆட்சியிலிருந்து விழுந்த ஹசீனாவின் கட்சியைத் தேர்தலில் நிற்க விடக்கூடாது என்று பங்களாதேஷில் செய்ததில் என்ன தப்பு? 2024 ஜூலை, ஆகஸ்டில் 1,400 பேர் வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகமே சொல்லியிருக்கிறது.

ஹட்டிப் பொண்ணு:

கொன்றவனை விசாரித்து உள்ளே போடுங்கள், யார் வேண்டாம் என்றது. கட்சியையே அடைத்தால் அதற்கு ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கான பேர் எங்கே போவார்கள்? ஈராக்கில் 2003 மே மாதம் சதாமின் பாத் கட்சிக்காரர்களை வேலையை விட்டு அனுப்பி ராணுவத்தையும் கலைத்தார்கள், வீட்டுக்குப் போனவன் துப்பாக்கியோடு போனான். லிபியாவில் 2013 மே மாதம் ஆயுதக் குழுக்கள் அமைச்சகங்களை வளைத்துக்கொண்டு நிற்க, கடாஃபி காலத்தில் பதவியில் இருந்த எவனும் பொறுப்பில் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதில் மாட்டியவர்களில் ஒருவர் சபைத் தலைவர் மகரியெஃப். 1980-லேயே கடாஃபியை விட்டு விலகி, வெளிநாட்டிலிருந்து காலம் முழுக்க எதிர்த்தவர். விலகுவதற்கு முன்னால் இந்தியாவில் லிபியத் தூதராக இருந்தார், அதற்காக ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக்கட்சி இயக்கத்துக்கே செயலாளராக இருந்த சுவாரெஸ்தான் 1977 ஏப்ரல் 9 கம்யூனிஸ்ட் கட்சியைச் சட்டபூர்வமாக்கினார், ஜூன் 15 தேர்தல் நடந்தது.

கொளப்பள்ளி:

ஸ்பெயினில் பிராங்கோ ஆட்கள் கொன்று புதைத்தவர்களின் புதைகுழிகளைத் தோண்ட எத்தனை காலம் ஆயிற்று என்றும் சொல்லுங்கள். 1977-லேயே பொதுமன்னிப்புச் சட்டம் போட்டு எல்லாவற்றையும் மூடினார்கள். செத்தவன் வீட்டுக்காரிக்கு இந்த சமாதானம் புரியாது. பெரிய மனிதர்கள் ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டுக்கொள்வதை நீங்கள் ஜனநாயகம் என்கிறீர்கள்.

ஹட்டிப் பொண்ணு:

அண்ணா, நான் பொதுமன்னிப்பு கேட்கவில்லை. விசாரணை நீதிமன்றத்தில், ஓட்டு பெட்டியில், இரண்டையும் குழப்பாதீர்கள் என்கிறேன். இலங்கையில் பாருங்கள், பொருளாதாரம் விழுந்ததற்கு ராஜபக்சே சகோதரர்கள் பொறுப்பு என்று 2023 நவம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது, பெரமுனவைத் தடை செய்யச் சொல்லவில்லை. அந்தக் கட்சி 2024-இல் நின்றது, 2020-இல் 145 இடம் எடுத்த கூட்டம் மூன்று இடத்தோடு போனது. தடை செய்திருந்தால், நின்றிருந்தால் ஜெயித்திருப்போம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கொளப்பள்ளி:

அது சரி. ஆனால் கட்சி தோற்றது தண்டனை ஆகாது.

தேயிலைத்தூள் (கோத்தகிரி):

எனக்கு ஒரு விஷயம் தெளிந்திருக்கிறது. ஆறப்போடுவது, அவசரப்படுவது என்று நாளைக் கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை. இடையில் உட்கார்ந்தவர் அடுத்த தேர்தலில் தானும் வேட்பாளரா, தேர்தல் தேதி அவர் இஷ்டத்தில் இருக்கிறதா, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும். பங்களாதேஷில் இதற்கென்றே 1996-இல் சாசனத்தில் காபந்து அரசு முறை எழுதினார்கள், ஆளுங்கட்சி விலகி நிற்கும், வேறு ஆட்கள் தேர்தல் நடத்துவார்கள். 2011-இல் ஹசீனா அதை நீக்கினார். அடுத்த மூன்று தேர்தலும், 2014, 2018, 2024, என்ன லட்சணத்தில் நடந்தன என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் 2024 ஆகஸ்ட் 5 ஹெலிகாப்டரில் ஓட்டம்.

குன்னூர் ரயில்:

தேதி இஷ்டத்தில் இருப்பது பற்றிப் பேசினால் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீலகிரியில் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் ஓட்டு வந்தது, குன்னூர் நகராட்சிக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருந்தோம். அதுவரை தனி அலுவலர் ராஜ்யம். குழாய் உடைந்தால் யாரிடம் போவது என்று தெரியாமல் கமிஷனர் அலுவலக வாசலில் நின்றவர்கள் நாம். ஊராட்சி உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் திரும்பவும் தனி அலுவலர் வந்தார். பக்கத்தில் வெலிங்டன் கண்டோன்மென்டில் ஜனங்கள் வார்டுக்கு ஓட்டுப் போட்டது 2015-இல். நாடு முழுக்க 57 கண்டோன்மென்ட்களுக்கு 2023 ஏப்ரல் 30 தேர்தல் என்று அறிவித்துவிட்டு மார்ச்சிலேயே வாபஸ் வாங்கினார்கள். இங்கே எந்தச் சர்வாதிகாரியும் விழவில்லை, எழவில்லை. ரணில் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வராததற்கு இதுதான் காரணம்.

பழைய வாத்தியார் (உதகை):

வர வேண்டும். நம் ஊர் அலட்சியம் அவருக்கு நற்சான்று ஆகாது.

ஹட்டன் மச்சான்:

எங்கள் உள்ளூராட்சித் தேர்தல் கடைசியில் 2025 மே 6 நடந்தது, புதிய அரசாங்கம்தான் வைத்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைச் சட்டத்தை நீக்கினார்கள், செப்டம்பரில் மகிந்த ராஜபக்சே கொழும்பு விஜேராம மாவத்தை அரசு வீட்டைக் காலி செய்துகொண்டு தங்காலைக்குப் போனார். ரணில் 2022-இல் போட்ட அவசரகால விதிகள் உரிமை மீறல் என்று 2025 ஜூலையில் தீர்ப்பும் வந்தது. இதெல்லாம் நடந்தது.

நடக்காததையும் எழுதுகிறேன். மத்திய மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டம்பர் 21. அதன் காலம் 2018-இல் முடிந்தது. 2017-இல் தொகுதி பிரிக்கிறோம் என்று சட்டத்தை மாற்றி அப்படியே முடங்கவிட்டார்கள், சபையின் காலம் முடிந்ததிலிருந்து ஆளுநர்தான் நடத்துகிறார். மைத்திரிபால, கோத்தபய, ரணில், மூன்று பேரும் தேர்தல் வைக்கவில்லை. அநுர அரசாங்கமும் வந்து முதல் ஒரு வருடத்தில் வைக்கவில்லை. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று 1994-இலிருந்து பலரும் மேடையில் சொல்லி வந்து உட்காருகிறார்கள், உட்கார்ந்ததும் அந்தப் பேச்சு அடுத்த தேர்தலுக்குப் போய்விடும். இங்கே தோட்டப் பாதைக்குத் தார் போடுவது மாகாண சபையா, பிரதேச சபையா, கம்பனியா என்று கேட்டால் மூன்று அலுவலகத்திலும் மற்ற இரண்டைக் கை காட்டுகிறார்கள்.

கொளப்பள்ளி:

எங்கள் லைனுக்கும் அதே கதைதான் மச்சான். டேன்டீயிடம் கேட்டால் ஊராட்சி, ஊராட்சியில் கேட்டால் வனத்துறை.